தோர்கெய்ரின் மகள்

புரொண்பி
14 ஜனவரி 2023

மதிப்புக்குரிய அண்ணைக்கு,

விமலா எழுதுகிறேன். நானும் கபிலனும் சுகம். என் முழங்கால் மட்டும் இந்தக் குளிரோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் காதுக்கு வாங்கிய கருவி மேசை லாச்சிக்குள்ளேயே கிடக்கிறது என்று அண்ணி சொன்னா. போனில் உங்களோடு கதைப்பதென்றால் நான் கத்த வேண்டும். இது கத்திச் சொல்லும் விஷயமில்லை. ஆகவே கடிதம்.

கபிலனுக்குக் கலியாணம் சரிவந்திருக்கிறது. முப்பத்தேழு வயது வரை "பார்ப்பம் அம்மா" என்று நழுவியவன், நத்தார் பண்டிகைக்கு அடுத்த நாள் சாப்பாட்டு மேசையில், "நான் ஒருத்தியை விரும்புறன். ஐஸ்லாந்துக்காரி" என்றான்.

கொப்பன்ஹேகன் வீடுகளுக்குக் குழாய் வழியே வெந்நீர் அனுப்பும் நிலையத்தில் அவனுக்கு மின்சார வேலை. அவள் அங்கே பொறியியலாளர். பெயர் ஸ்வாவா தோர்கெய்ர்ஸ்தோத்திர். எனக்கு முதலில் 'தோத்திரம்' என்றுதான் கேட்டது. தோத்திர் என்றால் மகளாம். தோர்கெய்ரின் மகள் ஸ்வாவா. அவ்வளவுதான் பெயர். எங்களைப் போலவே அவர்களுக்கும் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. இங்கே கொம்யூன் என்கிற நகரசபை அலுவலகத்தில் நான் முப்பத்து மூன்று வருடமாகத் திருமதி பாலேந்திரா. கந்தப்பிள்ளையின் மகள் என்பது ஒரு கடதாசியிலும் இல்லை.

இவர் போன பிறகு எங்கள் வீட்டு நன்மை தீமைக்கு உங்கள் சொல்தான். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உங்கள் தங்கை
விமலாதேவி


உடுப்பிட்டி
11 பெப்ரவரி 2023

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அண்ணிக்குச் சீனி வருத்தம் கட்டுக்குள் இருக்கிறது. உன் முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசு.

நான் கோபிப்பேன் என்று பயந்துதானே எழுதியிருக்கிறாய்? இல்லை, சந்தோஷம். எங்கடை ஆட்களுக்குள் தேடினால் எந்த ஊர், ஆர் பகுதி, தாய் வழி என்ன என்று ஆயிரம் துருவல். வெள்ளைக்காரியிடம் அதைக் கேட்க ஒருத்தருக்கும் வாய் வராது. எந்நேரமும் ஊரார் பகுதி துருவுகிற பெரியதம்பியிடம் சொன்னேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேணும்!

முப்பத்தொரு வருடம் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகாரனாக இருந்தவன் நான். அந்தப் பெயர் முறை எனக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. அப்படியானால் அண்ணனுக்கும் தங்கைக்கும் பின்பெயர் வேறுவேறா? கலியாணம் முடித்தால் பெண்ணின் பெயர் மாறுமா? விபரமாக எழுது.

பிள்ளையின் படம் ஒன்று அனுப்பு. கண் நீலமா, பச்சையா? அழைப்பிதழில் தாய்மாமன் என்று என் பெயரைப் போடு. நான் வாறன்.

அண்ணன்
க. கந்தையா


புரொண்பி
5 மார்ச் 2023

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். அண்ணியின் சீனி கட்டுக்குள் இருப்பது ஆறுதல். இங்கே இன்னும் பனி.

கேட்டவற்றுக்குப் பதில். ஓம், அண்ணனுக்கும் தங்கைக்கும் பின்பெயர் வேறு. மகன் தோர்கெய்ர்சன், மகள் தோர்கெய்ர்ஸ்தோத்திர். கலியாணத்துக்குப் பிறகும் பெண்ணின் பெயர் மாறாது. "நான் ஆரைக் கட்டினாலும் அப்பாவின்ரை மகள்தானே" என்கிறாள் ஸ்வாவா. டெலிபோன் புத்தகத்தில்கூட முதற்பெயர் வரிசையில்தான் ஆட்களைத் தேடுவார்களாம். நாட்டின் ஜனாதிபதியையும் முதற்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். புதிதாக ஒரு பெயர் வைக்க விரும்பினால் அதைப் பார்த்து அனுமதிக்க ஒரு குழு இருக்கிறது. அந்தப் பெயர் அவர்கள் பாஷையின் இலக்கணத்துக்கு வளைந்து கொடுக்க வேண்டுமாம். உங்களுக்கு ஏற்ற உத்தியோகம், அண்ணை. பிள்ளை பிறந்து கிழமைக் கணக்காகப் பெயர் இல்லாமல் 'பெட்டை' என்றே கூப்பிடுவதும் உண்டு. நாங்கள் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துப் பெயர் வைக்கிற மாதிரி.

அவளுடைய அப்பா தோர்கெய்ர் வடக்கே மீன்பிடிக் கப்பலில் கப்டனாக இருந்தவர். எண்பது வயது. ஆறடிக்கு மேலே. தாடியில் இன்னும் கொஞ்சம் செம்மை இருக்கிறது. கண் வெளிறிய நீலம். தாய் குட்ருன் நாலு வருடத்துக்கு முன் தவறிவிட்டா.

படம் எடுக்க இன்னும் வசதிப்படவில்லை.

விமலா


உடுப்பிட்டி
30 மார்ச் 2023

தங்கச்சிக்கு,

நலம். விசாப் படிவம் நிரப்பத் தொடங்கிவிட்டேன். நான் கேட்டது பெண்ணின் கண். நீ எழுதியது தகப்பனின் கண். எங்கே படம்?

கந்தையா


உடுப்பிட்டி
6 மே 2023

விமலாவுக்கு,

உன் சுகத்தை நீ எழுதவில்லை. ஐந்து கிழமையாக ஒரு வரியும் வரவில்லை.

படம் பார்த்துவிட்டேன். நீ அனுப்பியதல்ல. பெரியதம்பியின் பேரன் டிலுக்சன் உங்கள் பக்கத்து டோஸ்ட்ருப்பில் இருக்கிறான் அல்லவா, ஒரு பிறந்தநாள் விழாவில் கபிலனையும் அந்தப் பிள்ளையையும் படம் எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறான். நேற்றுக் கூட்டுறவுக் கடை வாசலில் நாலு பேருக்கு நடுவில் பெரியதம்பி போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "பதிவுகாரர், இதோ உங்கடை வெள்ளைக்கார மருமகள்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தப் பிள்ளை எங்களை விடக் கறுப்பு. பின்னல் போட்டிருக்கிறாள். மூக்கும் முழியும் எங்கடை பெட்டையேதான். யார் இந்தப் பிள்ளை? யாருடைய பிள்ளை? என்னிடம் எதை மறைத்தாய்?

கந்தையா


புரொண்பி
21 மே 2023

அண்ணைக்கு,

என்னை மன்னியுங்கள். சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் அது பொய்.

நான் எழுதியதில் பொய் இல்லை. எழுதாமல் விட்டது உண்டு. ஸ்வாவா பிறந்தது இலங்கையில், எண்பத்தைந்தாம் ஆண்டு. ஆறு கிழமைக் குழந்தையாகக் கொழும்பில் இருந்து தோர்கெய்ரும் குட்ருனும் தத்தெடுத்துக் கொண்டுபோனார்கள். பெற்றவள் தமிழா, சிங்களமா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. இருக்கிற பத்திரத்தில் தகப்பன் பெயருக்கு உரிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கிறது.

உங்களுக்கு முதல் கடிதம் போட்ட பிறகு அவள் முதல்தரம் வீட்டுக்கு வந்த அன்று நானும் உங்களைப் போல மஞ்சள் தலைமயிரைத்தான் எதிர்பார்த்துக் கதவைத் திறந்தேன். "வாங்கோ பிள்ளை, நீங்கள் ஆர்?" என்று தமிழில் கேட்டுவிட்டு, இவளுக்குப் பின்னால் ஐஸ்லாந்துக்காரி வருகிறாளா என்று எட்டிப் பார்த்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நான்தான் ஐஸ்லாந்து" என்றாள் டேனிஷில்.

ஏன் மறைத்தேன் என்று கேட்கிறீர்கள். வெள்ளைக்காரி என்றால் உங்களுக்குக் கேள்வி இல்லை. எங்கள் நிறம் என்றால்தான் கேள்வி வரும். அது உங்கள் முதல் கடிதத்திலேயே இருந்தது, அண்ணை. அதைப் படித்த பிறகு எனக்குக் கை எழவில்லை.

நல்ல பிள்ளை. எனக்கு முழங்காலில் ஊசி போட்ட அன்று வேலைக்கு லீவு எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாள். கபிலன் அவளோடு இருக்கும்போது வாய்விட்டுச் சிரிக்கிறான். தகப்பன் போன பிறகு அவனுடைய அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

உங்கள் சம்மதத்தைக் கேட்கிறேன்.

விமலா


உடுப்பிட்டி
24 ஜூன் 2023

விமலாதேவிக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணி நலம்.

தகப்பன் பெயருக்குக் கோடு போட்ட பிள்ளை என்றால் என்னவென்று பதிவுகாரனுக்குத் தெரியும். அதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

அழைப்பிதழில் என் பெயரைப் போட வேண்டாம். கண்ணில் புரை உரிக்க வேண்டும் என்று டொக்டர் சொல்கிறார். ஆகையால் பிரயாணம் சரிவராது.

க. கந்தையா


புரொண்பி
15 ஜூலை 2023

அன்புள்ள அண்ணைக்கு,

கண் சிகிச்சை நல்லபடி முடிய வேண்டும் என்று கும்பிடுகிறேன். உங்களை எதிர்த்து நான் இதுவரை ஒரு சொல் எழுதியதில்லை. இன்றைக்கு எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று ஸ்வாவா இங்கே இருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு விடவில்லை. "உங்கள் அண்ணாவுக்கு என்ன தெரிய வேணுமாம்?" என்று கேட்டாள்.

"உன்ரை தகப்பன் ஆர் எண்டு."

அவள் கோபிக்கவில்லை, அழவில்லை. விளங்காதவள் மாதிரி என்னைப் பார்த்தாள்.

"அது என்னுடைய பெயரிலேயே இருக்கிறதே!"

அண்ணை, இத்தனை மாதமாக அந்தப் பெயரின் அர்த்தத்தை உங்களுக்கு விளங்கப்படுத்தி எழுதியவள் நான்தான். எனக்கே அது அப்போதுதான் விளங்கியது.

பிறகு கேட்டேன், "சின்ன வயதில் ஒருத்தரும் உன்னை வேறாகப் பார்க்கவில்லையா?" என்று. பார்த்தார்களாம். பள்ளிக்கூடத்தில் ஒருவன், "நீ உண்மையான ஐஸ்லாந்துக்காரி இல்லை, உனக்குக் கண் கறுப்பு" என்றானாம். வீட்டில் வந்து சொன்னபோது தகப்பன் அவளைக் கப்பலுக்குக் கூட்டிக்கொண்டு போய், மாலுமிகள் எல்லோருக்கும் முன்னால் அவளுடைய முழுப் பெயரைச் சத்தமாகச் சொல்லச் சொன்னாராம். சொன்னாளாம். அவ்வளவுதான். அன்றைக்குப் பிறகு அவளுக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை.

கலியாணம் ஓகஸ்ட் இருபத்தேழாம் திகதி, ஆவணி ஞாயிறு. அழைப்பிதழ் உங்கள் பெயர் இல்லாமல் அச்சாகிறது. உங்கள் சம்மதத்தைக் கேட்டேன். இனிக் கேட்கவில்லை, அறிவிக்கிறேன். மணவறைக்குப் பக்கத்தில் தாய்மாமனுக்கு ஒரு கதிரை போடுவேன். நீங்கள் வராவிட்டால் அது வெறுமையாக இருக்கும். வேறு யாரையும் அதில் இருக்க விடமாட்டேன்.

என்றும் உங்கள் தங்கை
விமலாதேவி


புரொண்பி
3 செப்டெம்பர் 2023

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கண் தெளிந்துவிட்டது என்று அண்ணி சொன்னா. கோயிலில் ஒரு அர்ச்சனை செய்தேன். ஆகவே இந்தக் கடிதத்தை நீங்களே படிக்கலாம்.

கலியாணம் முடிந்தது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

இங்கே புரொண்பியில் ஒரு மண்டபம். முந்நூறு பேர். பாதிப் பேர் வாழ்த்த வந்தார்கள், மீதிப் பேர் பார்க்க வந்தார்கள். பெரியதம்பியின் பேரன் டிலுக்சன் போனைத் தூக்கிப் பிடித்தபடி முன்வரிசையில். அவனுக்குப் பின்னால் இரண்டு கிழவர்கள், "பெட்டை ஆர் எவர் எண்டு தெரியாதாம்" என்று எனக்குக் கேட்கவே கதைத்தார்கள். நான் உங்கள் வெறுங்கதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்த ஹ்விடோவ்ரேயில் இருக்கிற லூர்தம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டா.

தோர்கெய்ர் பட்டு வேட்டிக்கு மேலே ஆட்டு மயிரில் பின்னிய சட்டையோடு வந்து இருந்தார். ஆவணி மாத வெயிலில்! அவர்களுக்கு அதுதான் மரியாதை உடுப்பாம். கன்னிகாதானத்துக்கு ஐயர் மாப்பிள்ளை வீட்டு மூன்று தலைமுறை கேட்டார். பாலேந்திரா, சின்னத்துரை, வேலாயுதர். கபிலன் சொன்னான். பிறகு பெண் வீட்டுப் பக்கம் திரும்பி, "கோத்திரம் தெரியாட்டில் சிவகோத்திரம் எண்டு சொல்லுவம். தகப்பன், பாட்டன், பூட்டன் பெயர் ஏதும் தெரியுமோ?" என்று கொஞ்சம் தயங்கித்தான் கேட்டார். முன்வரிசையில் யாரோ செருமினார்கள்.

கபிலன் அதை டேனிஷில் சொன்னான். தோர்கெய்ர் எழுந்து நின்றார். அவர் எழும்பினால் மணவறைப் பூச்சரம் தலையில் இடிக்கும். தாளில்லை, போனில்லை. மகளின் தோளில் ஒரு கையை வைத்தார்.

"ஸ்வாவா, தோர்கெய்ரின் மகள். தோர்கெய்ர், ஹாலுரின் மகன். ஹாலுர், ஸ்டெய்னின் மகன். ஸ்டெய்ன், ஓர்முரின் மகன்..."

மூன்று முடிந்தது. அவர் நிறுத்தவில்லை. ஐயர், "காணும், காணும், மூண்டு போதும்" என்றார். தோர்கெய்ர் கேட்கவில்லை. ஐந்து, எட்டு, பன்னிரண்டு. அலைபோல ஒரே சீராகப் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. கதைத்துக்கொண்டு இருந்தவர்கள் வாயை மூடினார்கள். பிள்ளைகள் ஓட்டத்தை நிறுத்தினார்கள். ஐயர் கையில் எடுத்த தர்ப்பையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார். லூர்தம்மா கைப்பையில் இருந்து செபமாலையை எடுத்து மணி மணியாக எண்ணினா. முப்பத்தொன்று! ஆயிரத்து நூறு வருடம், அண்ணை. அந்தத் தீவுக்கு முதன்முதல் படகில் போய் இறங்கியவர்களில் ஒருவன் வரைக்கும்.

முடிந்ததென்று நினைத்தோம். அவர் மூச்செடுத்துக்கொண்டு இன்னும் சொன்னார். கபிலன் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான்.

"அந்தக் கடைசி மனிதனைப் பெற்றவள் பெயர் கத்லின். அயர்லாந்தில் இருந்து கப்பலில் பிடித்துக்கொண்டு வரப்பட்டவள். அவளுடைய தகப்பன் ஆர் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. எங்கள் தீவில் பாதித் தாய்மார் அப்படிக் கடல் கடந்து வந்தவர்கள்தான். அவளில் இருந்துதான் நாங்கள் எல்லோரும். என் மகளும் கடல் கடந்துதான் வந்தாள். ஒரு வித்தியாசம். இவளை நாங்கள் கேட்டு, காத்திருந்து, கும்பிட்டுக் கூட்டிவந்தோம்."

பிறகு முதலில் கை தட்டியது யார் தெரியுமா? ஐயர்! மண்டபம் முழுக்க எழுந்து நின்று தட்டியது. அந்த இரண்டு கிழவர்களும் எழும்பினார்கள். மேளக்காரர் கேட்காமலே கெட்டிமேளம் அடிக்க, ஐயர், "பொறுங்கோ, பொறுங்கோ, தாலி இன்னும் கட்டேல்லை!" என்று கத்தினார். நான் அழுதபடி சிரித்தேன்.

இன்னொன்று சொல்ல வேணும். "சம்மதமோ?" என்று ஐயர் கேட்டபோது தகப்பனும் மகளும் ஒன்றாக "யௌ" என்றார்கள். ஐஸ்லாந்தில் 'ஓம்' அதுதான். அதைச் சொல்லும்போது இரண்டு பேரும் ஒரே மாதிரி மூச்சை உள்ளே இழுத்தார்கள். அவருடைய கண் நீலம், இவளுடைய கண் கறுப்பு. அவருடைய தோல் பால், இவளுடையது எங்களது. ஆனால் அந்த மூச்சைக் கேட்டவர்கள் யாரும் இனி என்னிடம் 'ஆற்றை பிள்ளை' என்று கேட்கத் தேவையில்லை.

தோர்கெய்ர் சொன்ன பெயர்களை ஸ்வாவா எழுதித் தந்தாள். கபிலன் அவற்றைத் தமிழில் எழுதினான். ஒரு பிரதி இதோடு இருக்கிறது.

எனக்கு உங்களோடு கோபம் இல்லை. கதிரை வெறுமையாக இருந்தது. அது மட்டும்தான் குறை.

விமலாதேவி


உடுப்பிட்டி
29 ஒக்டோபர் 2023

அன்புத் தங்கச்சி விமலாவுக்கும், மகன் கபிலனுக்கும், மருமகள் ஸ்வாவாவுக்கும்,

கண் நன்றாகத் தெரிகிறது. உன் கடிதத்தைப் பலதரம் படித்தேன். பதில் எழுத எட்டுக் கிழமை ஆகிவிட்டது. வெட்கம் போக அவ்வளவு நாள் வேண்டியிருந்தது.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். எண்பத்துநாலில் ஒரு பெட்டை, பதினெட்டு வயதிருக்கும், கைக்குழந்தையோடு என் பதிவுக் கந்தோருக்கு வந்தாள். தகப்பன் பெயருக்கு உரிய இடத்தில் நான் கோடு போடப் போனபோது என் கையைப் பிடித்து, "ஐயா, ஆற்றையாவது ஒரு பெயரை எழுதுங்கோ" என்று கெஞ்சினாள். சட்டத்தில் இடமில்லை. கோட்டைப் போட்டேன். அதில் தவறில்லை. ஆனால் அவளை நிமிர்ந்து பார்த்து ஒரு நல்ல சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த கிழமை குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். ஸ்வாவாவின் படத்தைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வந்தது. இவள் அந்தக் குழந்தை என்று நான் சொல்லவில்லை. இருக்கவும் முடியாது, அது ஆண் பிள்ளை. ஆனாலும் இவளை நேருக்கு நேர் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அதைத் தகப்பன் பெயர், கோடு என்று எழுதித் தப்பப் பார்த்தேன். நான் போட்ட கோட்டுக்கு மேலே எங்கோ ஒரு தகப்பன் தன் பெயரை எழுதியிருப்பான் என்று இப்போது நம்புகிறேன். நிம்மதியாக இருக்கிறது.

இனி நல்ல செய்தி. போன புதன் கூட்டுறவுக் கடை வாசலில் பெரியதம்பி. அவன் பேரன் எடுத்த வீடியோவை ஊரே பார்த்துவிட்டது. ஆனாலும் விட்டானா? "கலியாணம் சிறப்பு, பதிவுகாரர். எண்டாலும் பெட்டை ஆர் பகுதி எண்டு கடைசி வரை தெரியேல்லைத்தானே?" என்றான்.

செவிடனுக்குக் குரல் பெரிது என்பது உனக்குத் தெரியும். வீதியால் போன சைக்கிள்கள் நின்றன.

"தோர்கெய்ரின் மகள்! தோர்கெய்ர் ஹாலுரின் மகன்! ஹாலுர் ஸ்டெய்னின் மகன்! பெரியதம்பி, நீ உன்ரை பகுதியைச் சொல்லு பார்ப்பம். நான் ஒண்டு சொல்ல நீ ஒண்டு சொல்லு."

அவன் தகப்பனைச் சொன்னான். பாட்டனைச் சொன்னான். பூட்டனுக்கு யோசித்தான். நாலாவதற்குக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டான். மழை இல்லை. கடைக்காரப் பொடியன்கள் விசிலடித்தார்கள். நான் நிறுத்தவில்லை, போகிறவனின் முதுகுக்குச் சொல்லிக்கொண்டே நின்றேன்.

உண்மையைச் சொன்னால், எங்கள் பக்கத்தில் எனக்கும் நாலுக்கு மேல் தெரியாது. அவன் கேட்கவில்லை, தப்பினேன்.

விசா நேற்றுக் கிடைத்தது. டிசம்பர் ஒன்பதாம் திகதி வருகிறேன். தோர்கெய்ரையும் வரச் சொல்லு. அவருக்கு முன்னால் பிழையில்லாமல் சொல்ல வேண்டும் என்று காலையும் மாலையும் பாடமாக்குகிறேன். பதினேழு வந்துவிட்டது. மிச்சம் பதினாலையும் விமானத்தில் பார்த்துக்கொள்வேன்.

மூவருக்கும் என் ஆசீர்வாதம்.

கந்தப்பிள்ளை மகன்
கந்தையா